முஆதலா: சமன்பாட்டின் இரு பக்கங்கள்

அரபுமொழியில் சமன்பாட்டை 'முஆதலா' என்பர். நீதியைக் குறிக்கும் 'அத்ல்' என்னும் சொல் எந்த வேரிலிருந்து பிறந்ததோ, அதே வேரிலிருந்து பிறந்ததுதான் இதுவும். ஒட்டகத்தின் முதுகில் இரு புறமும் சமமாகத் தொங்கவிடப்படும் சுமைகளில் ஒன்றுக்கு 'இத்ல்' என்று பெயர். ஒரு பக்கம் கனம் கூடினால் சுமை சரியும், ஒட்டகம் நடக்காது. கணக்கும் நீதியும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள் என்பதை நஹ்வு, ஸர்ஃபு பயிலும் மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் மிகவும் வியப்பார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேர், பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புச் சமன்பாட்டைக் கண்டு அஞ்சி, இனிக் கணக்கே வேண்டாம் என்று மத்ரஸாவுக்கு வந்து சேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளை, "இந்தச் சமன்பாடு வாழ்க்கையில் எங்கே பயன்படுகிறது?" என்று கேட்கிறது. பாடம் நடத்துவோர் பலருக்கு, "தேர்வுக்குப் பயன்படும்" என்பதைத் தவிர வேறு விடை கைவசம் இருப்பதில்லை. மத்ரஸாவில் 'சிராஜிய்யா' ஓதும் மாணவனோ நாள்தோறும் சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டே, தனக்கும் கணிதத்துக்கும் தொடர்பில்லை என்று நம்புகிறான். ஒரே ஊரில், சில வேளை ஒரே வீட்டில், அண்ணனும் தம்பியுமாக இருக்கும் இவ்விருவருக்கும் இடையே எழுந்துள்ள சுவர் அண்மைக் காலத்தது. இந்தக் கலைக்குப் பெயர் தந்த நூலில் அப்படியொரு சுவர் இல்லை.

முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி அந்த நூலை பக்தாதில், கலீஃபா அல்மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813-833) எழுதினார். 'அல்ஜபர் வல்முகாபலா' என்று சுருக்கமாக வழங்கும் அந்நூலின் பெயரிலிருந்தே 'அல்ஜீப்ரா' என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளை எளிதாக்கவே இதனை எழுதுவதாக ஆசிரியர் முன்னுரையில் தெரிவிக்கிறார். இது வெறும் உபசார வார்த்தையன்று. 1831 இல் ஃபிரெடரிக் ரோசன் இலண்டனில் வெளியிட்ட அரபு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பார்ப்போர், நூலின் ஏறத்தாழ பிற்பாதி முழுவதும் வஸிய்யத் கணக்குகளாகவே இருப்பதைக் காணலாம். 1145 இல் செஸ்டர் நகரத்து ராபர்ட் இலத்தீனில் பெயர்த்தபோது அந்தப் பிற்பாதி விடுபட்டுப்போயிற்று. ஐரோப்பியருக்கு அது பயன்படாது. ஆனால் நாமும் அதை விட்டுவிட்டே அல்ஜீப்ராவைக் கற்கிறோம் என்பதுதான் வேடிக்கை.

அந்நூலில் இன்றைய குறியீடு ஒன்றுகூட இல்லை. இரண்டு இணைகோடுகளால் சமத்தைக் குறிக்கும் வழக்கம் 1557 இல் இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்டு என்பாரால் வந்தது. அல்குவாரிஸ்மி அனைத்தையும் சொற்களாலேயே எழுதினார். அறியாத அளவை 'ஷய்', அதாவது 'பொருள்' என்றார். அதைச் சதுரத்தின் பக்கமாகக் கருதும்போது 'ஜிதர்', அதாவது வேர் என்றும், அந்தச் சதுரத்தை 'மால்' என்றும் குறித்தார். "ஒரு மாலும் அதன் பத்து வேர்களும் சேர்ந்தால் 39" என்பது அவருடைய புகழ்பெற்ற கணக்கு. வேர் 3, மால் 9, பத்து வேர்கள் 30. இதை அவர் சதுரம் வரைந்து மெய்ப்பிக்கும் முறையை இன்றைய பத்தாம் வகுப்பு மாணவனுக்குக் காட்டினால், இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை அவன் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது. 'ஜபர்' என்றால் முறிந்ததைச் சேர்த்துக் கட்டுதல். ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவைக் கட்டுபவருக்கு 'அல்ஜெப்ரிஸ்டா' என்று பெயர் இருந்தது. ஒரு பக்கத்தில் குறைவாக உள்ளதை நிறைவாக்கி, அதே அளவை மறுபக்கத்திலும் கூட்டுவது ஜபர். இரு பக்கமும் உள்ள ஒத்த உறுப்புகளை நேருக்கு நேர் வைத்துக் கழிப்பது முகாபலா.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மேடைகளில், கணிதம் முழுவதையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்பதுபோலப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இருபடிச் சமன்பாட்டை அல்குவாரிஸ்மிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாபிலோனியர் தீர்த்திருக்கின்றனர். 628 இல் பிரம்மகுப்தர் அதற்கு விதி எழுதியிருக்கிறார். இந்திய எண்களைப் பற்றித் தனி நூலே எழுதிய அல்குவாரிஸ்மி, அவை இந்தியருடையவை என்பதை மறைக்கவில்லை. 'ஷய்' என்னும் சொல்லே திரிந்து இன்றைய 'எக்ஸ்' ஆயிற்று என்ற கதையும் கேட்க இனிமையானதே. அதற்குத் திடமான சான்று கிடையாது. அறியா அளவுகளுக்கு அகரவரிசையின் கடைசி எழுத்துக்களைப் பயன்படுத்தும் வழக்கத்தை 1637 இல் நிலைபெறச் செய்தவர் தெக்கார்த். அல்குவாரிஸ்மியின் சிறப்பு வேறு. சிதறிக் கிடந்த கணக்குகளை ஆறு வகைச் சமன்பாடுகளாக வகுத்து, எந்தக் கணக்கையும் அவற்றுள் ஒன்றாக மாற்றித் தீர்க்கலாம் என்று காட்டினார். அதற்கு ஃபிக்ஹிலிருந்தே எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தார்.

அவற்றுள் எளிய ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒருவர் இரு மகன்களை விட்டு இறக்கிறார். ரொக்கமாக 10 திர்ஹம் உள்ளது. மகன்களில் ஒருவன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறான். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்நியர் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். கடன்பட்ட மகனிடம் திருப்பித்தரப் பணம் இல்லை. ஆகவே அவனுடைய பங்கு எவ்வளவோ, அந்த அளவே கடனிலிருந்து வசூலானதாகக் கொண்டு இப்போதைய சொத்தில் சேர்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல். அவனுடைய பங்கு தெரிந்தால்தான் சொத்து எவ்வளவு என்று தெரியும். சொத்து எவ்வளவு என்று தெரிந்தால்தான் அவனுடைய பங்கு தெரியும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் அனைத்தும் அறிந்தவரும் இந்த வட்டத்துக்குள் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார். அல்குவாரிஸ்மி அறியாததை அறிந்ததுபோலவே நடத்துகிறார். அந்தப் பங்கு ஒரு 'ஷய்' என்க. சொத்து, பத்தும் ஒரு ஷய்யும். மூன்றில் ஒன்றை அந்நியர் பெற, மீதியை மகன்கள் இருவரும் பாதியாகப் பிரிக்க, ஒவ்வொருவருக்கும் சொத்தில் மூன்றில் ஒன்று வரும். ஆக, பத்தும் ஒரு ஷய்யும் மூன்று ஷய்க்குச் சமம். இரு பக்கமும் ஒரு ஷய்யைக் கழித்தால், பத்து இரண்டு ஷய்க்குச் சமம். ஷய் 5. ரொக்கத்தில் அந்நியருக்கு 5, கடன்படாத மகனுக்கு 5. கடன்பட்டவனின் பங்கு 5 கடனில் கழிந்தது.

சமன்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அறிந்ததிலிருந்து அறியாததற்கு நேர்வழியில் செல்ல முடிந்தால் அதற்குச் சமன்பாடு தேவையில்லை. அறியாதது இரு பக்கமும் ஒளிந்திருக்கும்போதே அது தேவைப்படுகிறது.

'இது பழைய பக்தாத் கதை' என்று நினைக்க வேண்டா. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் தொழிலில் முளாரபா முறையில் ஒருவர் முதல் போட, மற்றொருவர் நடத்துகிறார் என்போம். தம் பங்கு போக மீதமுள்ள ஆதாயத்தில் பத்தில் ஒன்று நடத்துபவருக்கு என்று ஒப்பந்தம். ஆதாயம் 11 லட்சம். அவசரக்காரர் பத்தில் ஒன்று 1,10,000 என்று கொடுத்துவிடுவார். ஆனால் அந்தத் தொகை போக மீதி 9,90,000. அதில் பத்தில் ஒன்று 99,000தான். நடத்துபவரின் பங்கை 'ப' என்க. பத்து 'ப' என்பது, 11 லட்சத்தில் ஒரு 'ப' குறைந்ததற்குச் சமம். குறைவை ஜபர் செய்தால், பதினொரு 'ப' 11 லட்சத்துக்குச் சமம்; 'ப' 1,00,000. மீதி 10 லட்சம். அதில் பத்தில் ஒன்று 1 லட்சம். பத்தாயிரம் ரூபாய் வேறுபாட்டால் கூட்டாளிகள் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் உண்டு. கடையில் 18 விழுக்காடு வரி உள்ளடங்கிய விலை 3540 ரூபாய் என்றால், வரி எவ்வளவு என்பதும் இதே வகைக் கணக்கே. 3540 இல் 18 விழுக்காடு எடுத்தால் 637 ரூபாய் 20 காசு வரும், அது தவறு. சரக்கின் விலை 3000, வரி 540.

இனி ஃபராயிளுக்கு வருவோம். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆம் வசனங்கள் பங்குகளை வரையறுத்துள்ளன. ஒருவர் மனைவி, தாய், இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறந்தார். மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கு ஆறில் ஒன்று. மீதி, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிள்ளைகளுக்கு. மகளின் பங்கை 'ப' என்று கொண்டால்,

1/8 + 1/6 + 2ப + 2ப + ப = 1

ஆகவே 5ப = 17/24; ப = 17/120. பகிர வேண்டிய தொகை 12 லட்சம் என்றால் மனைவிக்கு 1,50,000, தாய்க்கு 2,00,000, மகன்களுக்கு ஆளுக்கு 3,40,000, மகளுக்கு 1,70,000. சிராஜிய்யா இதையே 'தஸ்ஹீஹ்' என்ற பெயரில், 24 ஐ 5 ஆல் பெருக்கி 120 ஆக்கித் தீர்க்கிறது. முறை வேறு, சமன்பாடு ஒன்றே.

பங்குகள் ஒன்றுக்கு மேல் போய்விட்டால்? அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு கேள்வி வந்ததாகவும், உரையை நிறுத்தாமலே விடை கூறியதாகவும் ஃபராயிள் நூல்கள் பதிவு செய்கின்றன. அதனால் அக்கணக்குக்கு 'மிம்பரிய்யா' என்றே பெயர். மனைவி, இரு மகள்கள், தந்தை, தாய். 24 பாகத்தில் மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, பெற்றோருக்கு நான்கு நான்கு. கூட்டினால் 27. இல்லாத மூன்று பாகத்தை எங்கிருந்து தருவது? உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஆலோசனையின் வழி ஏற்கப்பட்ட 'அவ்ல்' முறைப்படி, சொத்தையே 27 பாகமாக்கி அதே எண்ணிக்கைகளைக் கொடுக்க வேண்டும். மனைவியின் எட்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்றாகிறது. யாருடைய பங்கும் முழுதாக வெட்டப்படவில்லை. எல்லோரும் தத்தம் பங்கில் ஒன்பதில் எட்டுப் பெறுகின்றனர். இப்னு அப்பாஸ் (ரலி) இதில் மாற்றுக் கருத்துடையவராக இருந்தார் என்பதும் மாணவர்களுக்குச் சொல்லத்தக்கது. கணக்கு ஒன்றே; எந்தச் சமன்பாட்டை எழுதுவது என்பதில்தான் ஸஹாபாக்கள் சிந்தித்தனர்.

ஃபராயிள் கணக்குக் கேட்டு நம்மிடம் வருவோரின் தாள்களைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். வகுத்தலில் பிழை செய்தவர்கள் மிகச் சிலர். இக்காலத்தில் கைப்பேசியே வகுத்துக் கொடுக்கிறது. பிழை பெரும்பாலும் வகுப்பதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. வீடு எழுதப்பட்டிருக்கும், தொழிற்சாலைக் கூட்டில் இருந்த பங்கு எழுதப்பட்டிராது. ஊரார் கடன் எழுதப்பட்டிருக்கும். மனைவிக்குக் கொடுபடாத மஹர், அதுவும் கடன்தான், எழுதப்பட்டிராது. "மகளுக்குத்தான் கல்யாணத்தில் சீர் செய்தாயிற்றே, ஹஸ்ரத்!" என்று கூறி 'ப' வையே எடுத்துவிடுவோர் உண்டு. மகளை எடுத்துவிட்டு மகன்களுக்கு இரண்டிரண்டு என்று எழுதினாலும் கூட்டுத்தொகை ஒன்று என்றே வரும். கணக்கு சரியாக இருப்பதுபோலவே தோன்றும். உரியவர் அனைவரும் சமன்பாட்டில் இருக்கிறார்களா என்பதைச் சமன்பாடு தானாகச் சொல்லாது. அதை எழுதுகிறவனே சொல்ல வேண்டும்.

ஜகாத்திலும் இத்தகைய இடம் ஒன்று உண்டு. இரண்டரை விழுக்காடு என்பது சந்திர ஆண்டுக்கு உரியது. சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாள். நம் வணிகர்கள் வருமானவரிக் கணக்கை ஒட்டி மார்ச் 31 இல் கணக்கு முடிக்கின்றனர். அது 365 நாள். 354 நாளுக்கு 2.5 என்றால் 365 நாளுக்கு எவ்வளவு என்று கேட்டால் 2.577 வரும். பஹ்ரைனில் இயங்கும் 'அயோஃபி' என்னும் இஸ்லாமிய நிதிக் கணக்கியல் அமைப்பின் விதிகளும் சூரிய ஆண்டுக்கு இவ்விகிதத்தையே கூறுகின்றன. ஒரு கோடி ரூபாய்க்கு வேறுபாடு ஏறத்தாழ 7,768 ரூபாய். ஆண்டுதோறும் இதை விட்டுக்கொண்டே போனால், 33 சூரிய ஆண்டுகளில் 34 சந்திர ஆண்டுகள் கடந்துவிடுவதால், ஓர் ஆண்டின் ஜகாத் முழுவதும் ஏழைக்குச் சேராமல் போகும்.

தவறான சமன்பாடு எவ்வளவு நுட்பமாகத் தவறான விடையைத் தரும் என்பதற்கு கிப்லா நல்ல சான்று. காவேரிப்பாக்கம் ஏறத்தாழ 12.9 பாகை வட அகலாங்கிலும் 79.5 பாகை கிழக்கு நெட்டாங்கிலும் உள்ளது. மக்கா 21.4 பாகை வடக்கு, 39.8 பாகை கிழக்கு. தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் கிப்லா மேற்கிலிருந்து வடக்காக 12 பாகை என்று வரும். பூமி உருண்டையாதலால் கோள முக்கோணச் சமன்பாட்டைப் பயன்படுத்த வேண்டும். அப்போது 18 பாகை என்று வரும். அல்பீரூனி கஸ்னா நகரின் கிப்லாவைக் கணக்கிடுவதற்காகவே 1025 இல் 'தஹ்தீத்' என்னும் நூலை எழுதி முடித்தார். இதைப் படித்துவிட்டு, நேர் மேற்கு நோக்கிய பழைய பள்ளிவாசல்களின் மிஹ்ராபை இடிக்க யாரும் கிளம்ப வேண்டா. தொலைவில் இருப்பவருக்கு ஜிஹத், அதாவது திசையளவு போதும் என்பது ஹனஃபி சட்ட நூல்களின் முடிவு.

அறிவியலின் சமன்பாடுகளும் இதே அடிப்படையில் நிற்பவைதாம். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, தங்கியது எவ்வளவு? இம்மூன்றையும் இரு பக்கமாக நிறுத்துவதே பெரும்பாலான அறிவியல் கணக்குகளின் தொடக்கம். காவேரிப்பாக்கத்து ஏரியைப் பார்த்தாலே இது விளங்கும். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனோடு தொடர்புபடுத்தப்படும் இந்த ஏரியும், பக்தாதில் எழுந்த அல்ஜபர் நூலும் ஒரே நூற்றாண்டைச் சேர்ந்தவை. வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வரும் நீரும் மழைநீரும் ஒரு பக்கம். மதகுகளில் போவது, கலங்கலில் வழிவது, மண்ணில் ஊறுவது, வெயிலில் ஆவியாவது, இவற்றோடு ஏரியில் நிற்பது மறுபக்கம். எழுதப் படிக்கத் தெரியாத நீர்க்கட்டியும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே மதகைத் திறந்தான்.

நீருக்கு எழுதிய சமன்பாட்டை உப்புக்கு எழுதினால் நம்மவர் கேட்க விரும்பாத விடை வருகிறது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறார்கள். டேனரியில் முதல் வேலையாக ஊறவைக்கும்போது அந்த உப்பு நீரில் இறங்கிவிடும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில், கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. அப்படியானால் தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்துவிட்டால் போதாதா என்று கேட்போர் இருந்தனர். உப்பின் அளவு என்பது செறிவை நீரின் அளவால் பெருக்கினால் வருவது. 100 கிலோ உப்பை அந்த வரம்புக்குள் கொண்டுவர ஏறத்தாழ 47,600 லிட்டர் உப்பற்ற நீர் வேண்டும். கலந்த பின் செறிவு குறைந்திருக்கும். பெருக்கிப் பார்த்தால் உப்பு அதே 100 கிலோ. ஆற்றுக்குச் செல்வது செறிவல்ல, அந்த 100 கிலோ. வெயிலில் ஆவியாவதும் நீர் மட்டுமே.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலச் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகுதியற்றுப்போனது குறிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்திய நாட்டின் சட்டமாக அத்தீர்ப்பு உறுதிசெய்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றி மீண்டும் விரிவான தீர்ப்பு வழங்கியது. இத்தொழிலால் நம் சமுதாயம் கல்லூரிகள் எழுப்பியது, பள்ளிவாசல்கள் கட்டியது, ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குப் பிழைப்புக் கொடுத்தது. அவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் பாலாற்றங்கரை உழவனின் உவர்ந்துபோன கிணற்றை மறுபக்கத்தில் எழுதாமல் விட்டால், மகளின் பங்கை விட்டு எழுதிய அந்தத் தாளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரை மீட்டு மீண்டும் பயன்படுத்துகின்றனர். நல்ல முயற்சி. மீட்ட நீர் ஒரு குழாயில் வர, உப்பு ஏறத்தாழ முழுவதும் மற்றொரு குழாயில் கழிவாக வருகிறது. அதைக் காய்ச்சி வற்றவைத்தால் திட உப்பாகிறது. நம் மாணவர்களை ஒருமுறை இத்தகைய நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். உள்ளே வந்த உப்பின் அளவையும், வெளியே போன நீரில் இருந்த உப்பின் அளவையும் பலகையில் எழுதிக் காட்டினார் அங்கிருந்த பொறியாளர். சிராஜிய்யா ஓதும் மாணவன் ஒருவன் இரண்டையும் பார்த்துவிட்டு, "மீதிப் பங்கு யாருக்கு, சார்?" என்று கேட்டான். பொறியாளர் சிரித்துக்கொண்டே எங்களைக் கட்டடத்தின் பின்புறம் அழைத்துச் சென்று, தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியலைக் காட்டினார்.